நிறுத்தி வைக்கச் சொல்கிறது விதி. நிற்க விடுவதில்லை பெட்ரோல்

பெறுநர்: மத்திய சாலைப் போக்குவரத்து, நெடுஞ்சாலைகள் துறை அமைச்சருக்கும், பெட்ரோலியம், இயற்கை எரிவாயுத் துறை அமைச்சருக்கும், இரு துறைகளின் செயலர்களுக்கும்

உங்கள் இரு அமைச்சகங்களும் எடுத்த இரண்டு முடிவுகள் ஒன்றோடொன்று முட்டிக்கொள்கின்றன. நடுவில் மாட்டிக்கொண்டு அழிவது இந்த நாட்டின் பழைய கார்கள். 2021 ஜூலையில் சாலைப் போக்குவரத்து அமைச்சகம் மத்திய மோட்டார் வாகன விதிகளைத் திருத்தியது. 50 வயதைத் தாண்டிய கார்களை வின்டேஜ் வாகனம் என்று பதிவு செய்ய வழி பிறந்தது. கூடவே, அவற்றை வழக்கமான பயணத்துக்கு ஓட்டக்கூடாது என்றும் அந்த விதி சொன்னது. பெட்ரோலிய அமைச்சகம் 2030-க்கு வைத்திருந்த 20 சதவீத எத்தனால் கலப்பு இலக்கை முன்னுக்கு இழுத்து, 2025-லேயே எட்டிவிட்டதாக அறிவித்தது. முதல் முடிவால் எங்கள் வண்டிகள் பெரும்பாலும் ஷெட்டில் நிற்கின்றன. இரண்டாவது முடிவால், நிற்கும் வண்டியைத் தின்னும் பெட்ரோல்தான் பங்கில் கிடைக்கிறது.

தமிழ்நாட்டில் பழைய அம்பாசடர், ஃபியட், ஸ்டாண்டர்ட் ஹெரால்டு, மாரிஸ் மைனர், வில்லிஸ் ஜீப் வைத்திருப்பவர்களும், அவற்றுக்கு இன்னும் கை வைத்து வேலை பார்க்கும் பட்டறைக்காரர்களும் சேர்ந்து இதை எழுதுகிறோம். எத்தனாலுக்கு நாங்கள் எதிரிகள் அல்ல. கரும்பு விவசாயிக்கு அதில் வருமானம் இருக்கிறது, கச்சா எண்ணெய் இறக்குமதிச் செலவு குறைகிறது. இரண்டையும் மறுக்கவில்லை. இன்று விற்கும் புதிய கார்கள் இ20-க்கு, அதாவது 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோலுக்கு ஏற்ற ரப்பரோடும், பெட்ரோலைப் பீய்ச்சிக் கலவையைத் தானே சரிசெய்துகொள்ளும் எலக்ட்ரானிக் ஊசியோடும் வருகின்றன. அவற்றுக்கு அந்தப் பெட்ரோலே போகட்டும். எங்கள் பிரச்சினை அந்த வசதி எதுவும் இல்லாத, அந்த வசதியைப் பொருத்தினால் பழைய கார் என்ற தகுதியையே இழந்துவிடக்கூடிய வண்டிகளைப் பற்றியது.

2025 ஆகஸ்டில் பெட்ரோலிய அமைச்சகம் ஒரு விளக்கம் கொடுத்தது. சில பழைய வண்டிகளில் 20,000 முதல் 30,000 கிலோமீட்டர் ஓடிய பிறகு ரப்பர் பாகங்களையும் கேஸ்கட்டுகளையும் மாற்ற வேண்டி வரலாம், செலவு குறைவு, வழக்கமான சர்வீஸிலேயே மாற்றிவிடலாம் என்றது அது. தினமும் ஓடும் வண்டிக்கு அந்தக் கணக்கு பொருந்தலாம். 1960-களின் ஃபியட் ஒன்று ஆண்டுக்கு 1,000 கிலோமீட்டர் ஓடினாலே அதிகம். உங்கள் கணக்குப்படி அதற்கு முதல் ரப்பர் மாற்றும் வேளை வர 20 ஆண்டுகள் ஆகும். நடப்பது அப்படியல்ல. இரண்டு மழைக்காலம் தாண்டுவதற்குள் பெட்ரோல் போகும் ரப்பர் குழாயான ஹோஸ் வெடிக்கிறது. எத்தனால் செய்யும் சேதம் ஓடிய தூரத்தைப் பொறுத்ததல்ல, தேங்கிக் கிடந்த நாட்களைப் பொறுத்தது. ஓடும் வண்டியில் வாரத்துக்கு ஒருமுறை புதுப் பெட்ரோல் வந்து போகிறது. நிற்கும் வண்டியில் அதே பெட்ரோல் மாதக்கணக்கில் அதே உலோகத்தின் மேல், அதே ரப்பரின் மேல் உட்கார்ந்திருக்கிறது. கிலோமீட்டரை வைத்து அளந்த எந்தச் சோதனையும் இந்தச் சேதத்தைக் காட்டாது.

உள்ளே என்ன நடக்கிறது என்பதை டேங்கிலிருந்து தொடங்கிச் சொல்கிறோம்.

இந்தக் காலத்து கார்களில் பெரும்பாலும் பிளாஸ்டிக் டேங்க். பழைய கார்களில் தகர டேங்க். பலவற்றில் உள்பக்கம் ஈயமும் வெள்ளீயமும் கலந்த பூச்சு. அந்தப் பூச்சுதான் துருவிலிருந்து காத்தது. எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்தால் அந்தப் பூச்சை அரிக்கும். எத்தனால் தண்ணீரோடு எந்த அளவிலும் கலக்கக் கூடியது. வெறும் பெட்ரோலில் தண்ணீர் கரைவது மிகச் சொற்பம். அதிகமானால் அடியில் துளித்துளியாகத் தங்கும், ஃபில்டர் கிண்ணத்தில் கண்ணால் பார்த்து வடித்துவிடலாம். எத்தனால் கலந்த பெட்ரோல் அந்தத் தண்ணீரைத் தன்னுள் இழுத்து ஒளித்துக்கொள்ளும். 10 சதவீதக் கலவை ஏறக்குறைய அரை சதவீதம் வரை தண்ணீரைத் தாங்கும், 20 சதவீதக் கலவை அதைவிட அதிகம் தாங்கும். வரம்பு தாண்டிய கணமே எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்து தனிப் படலமாகப் பிரிந்து டேங்கின் அடியில் இறங்கிவிடும். பெட்ரோலை உறிஞ்சும் குழாயின் வாய் இருப்பதும் அந்த அடியில்தான். எத்தனால் அதிகம் கலந்திருப்பதால் பிரியும் படலமும் தடிமனாக இருக்கும்.

பழைய டேங்க் மூடிகள் காற்று போய் வருவதற்காகத் துளையோடு செய்யப்பட்டவை. சென்னையிலும் கடலூரிலும் நாகப்பட்டினத்திலும் ஐப்பசி, கார்த்திகை ஈரக்காற்றில் பாதி டேங்கோடு நிற்கும் கார் பகலில் காற்றை வெளியே விடும், இரவில் உள்ளே இழுக்கும். காற்றிலிருந்து வரும் ஈரம் மெதுவாகத்தான் சேரும். மூடி ரப்பர் தேய்ந்து மழைத் தண்ணீர் இறங்கினாலோ, பங்கின் தரையடி டேங்கிலேயே தண்ணீர் புகுந்திருந்தாலோ ஒரே நாளில் பிரிந்துவிடும். அப்படி ஆன வண்டியில் ஸ்டார்ட்டர் சுற்றும், என்ஜின் பிடிக்காது. மெக்கானிக் பிளக்கையும் காயிலையும் மாற்றிப் பார்த்துக்கொண்டே இருப்பார். அடியிலிருந்து கால் லிட்டர் வடித்து ஒரு கண்ணாடிப் புட்டியில் ஊற்றி வைத்தால் உண்மை தெரியும்: கீழே ஒரு திரவம், மேலே ஒரு திரவம், நடுவில் தெளிவான கோடு.

டேங்கை முழுதாக நிரப்பி நிறுத்தலாமே என்பார்கள். காற்றுக்கு இடம் குறையும் என்பது சரி, ஆனால் அத்தனை லிட்டரும் பூச்சையும் அளவுமானியையும் நனைத்துக்கொண்டே இருக்கும். இரண்டாம் உலகப் போருக்கு முந்தைய சில கார்களில் அளவுமானியின் மிதவை தக்கையால் ஆனது, மேலே அரக்கு பூசியது. அரக்கைக் கரைக்க தச்சர்கள் பயன்படுத்துவதே எத்தனால்தான். பூச்சு கரைந்தால் தக்கை பெட்ரோலைக் குடித்து மூழ்கும், முள் எப்போதும் காலி என்றே காட்டும். சரி, டேங்கைக் காலியாக்கி வைக்கலாம் என்றால், நனைந்திருந்த தகரம் ஈரக்காற்றில் துருப்பிடிக்கும். நிரப்பினாலும் கேடு, வடித்தாலும் கேடு. எத்தனால் இல்லாத காலத்தில் இந்தத் தர்மசங்கடம் எங்களுக்கு இருந்ததில்லை. பழைய பெட்ரோலும் கெடும். ஆனால் மெதுவாகக் கெடும், கெட்டதை மூக்கு சொல்லிவிடும்.

அடுத்தது ரப்பர். அந்தக் காலத்து ஹோஸ், பெட்ரோல் பம்பின் சவ்வான டயாஃப்ரம், காற்றோடு பெட்ரோலைக் கலக்கும் கார்புரேட்டருக்குள் பெட்ரோல் வரவை அடைக்கும் நீடில் வால்வின் நுனி, கேஸ்கட் எல்லாமே இயற்கை ரப்பர் அல்லது சாதாரண நைட்ரில் என்ற செயற்கை ரப்பர். எத்தனாலில் அவை முதலில் ஊதும், காய்ந்ததும் சுருங்கி வெடிக்கும். ஹோஸ் வெளியே பார்க்க நன்றாகவே இருக்கும். கத்தியால் வெட்டிப் பார்த்தால் உள்சுவர் பிசுபிசுத்து, விரலில் கருப்பு ஒட்டும். அந்தக் கருப்புத் துகள்தான் கார்புரேட்டரில் பெட்ரோலை அளந்து விடும் சிறு துளையான ஜெட்டை அடைக்கிறது.

மெக்கானிக்கல் பம்பின் டயாஃப்ரம் கிழிந்தால் இரண்டில் ஒன்று நடக்கும். பம்பின் பக்கத்துத் துளை வழியாகப் பெட்ரோல் வெளியே சொட்டும். அல்லது என்ஜினின் அடியில் ஆயில் தங்கும் தொட்டியான சம்பில் போய் இறங்கும். இரண்டாவது மோசம், ஏனென்றால் வெளியே எதுவும் தெரியாது. ஆயில் குச்சியை இழுத்துப் பார்த்தால் ஆயில் அளவு குறைவதற்குப் பதில் ஏறியிருக்கும், பெட்ரோல் வாசனை அடிக்கும். அதைக் கவனிக்காமல் ஓட்டினால் நீர்த்துப்போன ஆயிலில் பேரிங் போய்விடும். 1,089 சிசி ஃபியட் என்ஜினுக்கு நல்ல பேரிங் செட் தேடுவது எவ்வளவு பெரிய வேலை என்பது ஜி.பி. ரோட்டிலும் புதுப்பேட்டையிலும் கடை கடையாக ஏறி இறங்கியவர்களுக்குத் தெரியும்.

நீடில் வால்வின் நுனி ஊதினால் கார்புரேட்டரில் பெட்ரோல் தங்கும் ஃப்ளோட் கிண்ணம் நிரம்பி வழியும். அம்பாசடரின் என்ஜினில் உள்ளிழுக்கும் மேனிஃபோல்டும் புகை வெளியேறும் மேனிஃபோல்டும் ஒரே பக்கம். கார்புரேட்டர் உட்கார்ந்திருப்பது கொதிக்கும் இரும்புக்கு மேலே. வழியும் பெட்ரோல் எங்கே விழும் என்று நாங்கள் சொல்ல வேண்டியதில்லை. செலவு குறைந்த ரப்பர் வாஷர் என்று உங்கள் விளக்கம் ஒதுக்கிவிட்ட பொருள், எங்கள் வண்டிகள் தீப்பிடிக்கக் காரணமாகிறது.

மூன்று மாதம் நின்ற வண்டியின் கார்புரேட்டரை ஒருமுறை திறந்து பாருங்கள். சோலெக்ஸ், ஜெனித் கம்பெனி கார்புரேட்டர்களின் உடல்கள் துத்தநாகக் கலவையில் வார்த்தவை, ஜெட்டுகள் பித்தளை. ஈரம் ஏறிய எத்தனால் மின்சாரத்தைக் கடத்தும். இரு வேறு உலோகங்களுக்கு நடுவே அது நின்றால் அரிப்பு தொடங்கும். கிண்ணத்தின் அடியில் உப்புத் தூள் போல வெள்ளைப் படிவு, ஜெட்டின் வாயில் பச்சை. தூரிகையால் துடைத்தால் படிவு போய்விடும். அதன் அடியில் உலோகம் குழிந்திருப்பது போகாது. அந்தக் குழி திருகு மரையில் விழுந்தால் ஜெட் இறுகாது, பக்கவாட்டில் பெட்ரோல் கசியும், வண்டி நிற்கும்போது என்ஜின் மெதுவாகச் சுற்றும் ஸ்லோ ரன்னிங் எப்போதும் சரிப்படாது. புது கார்புரேட்டர் வாங்கிக்கொள்ளலாம் என்று சொல்ல இங்கே தயாரிப்பாளரே இல்லை. பெருங்களத்தூரில் ஹெரால்டு செய்த ஸ்டாண்டர்ட் கம்பெனி 1980-களின் இறுதியோடு கார் உற்பத்தியை நிறுத்திவிட்டது. ஃபியட்டின் தொடர்ச்சியான பத்மினி 2000-த்தை ஒட்டி நின்றது, அம்பாசடர் 2014-ல் நின்றது.

இனி ஓட்டத்துக்கு வருவோம். பெட்ரோல் முழுதாக எரிய ஒரு கிலோவுக்கு 14.7 கிலோ காற்று வேண்டும். எத்தனாலுக்கு 9 கிலோ போதும். 20 சதவீதம் கலந்தால் அந்த விகிதம் ஏறக்குறைய 13.5-க்கு இறங்குகிறது. எலக்ட்ரானிக் ஊசி உள்ள கார் புகைக்குழாயில் இருக்கும் சென்சாரைப் பார்த்து அதிகம் பீய்ச்சிச் சமாளிக்கும். கார்புரேட்டருக்குக் கண் கிடையாது; அதன் ஜெட் துளை அதே அளவுதான். ஆகவே கலவை சுமார் 8 சதவீதம் மெலிந்துவிடுகிறது. ஆக்சிலேட்டரை மிதித்ததும் வண்டி ஒரு கணம் திணறுவது, கார்புரேட்டர் வழியாகத் திருப்பித் துப்புவது, பிளக் வெள்ளையாக வெளுப்பது, மேட்டில் சூடேறுவது எல்லாம் இதன் அடையாளங்கள்.

இதற்கு வழி உண்டு. எஸ்.யு. கார்புரேட்டராக இருந்தால் அடியிலுள்ள கலவை நட்டை ஒரு முகம், இரண்டு முகம் கீழே இறக்கினால் கலவை மொத்தமாகத் தடிக்கும். சோலெக்ஸில் அந்த வசதி இல்லை, ஜெட்டையே மாற்ற வேண்டும். துளையின் பரப்பு 8 சதவீதம் கூட வேண்டுமானால் விட்டம் 4 சதவீதம் கூட வேண்டும். அதாவது 125 எண் ஜெட் இருந்த இடத்தில் 130. ஊசி விட்டுக் குடைந்து பெரிதாக்கக் கூடாது, துளையின் வாய்ச்சரிவு போய்விடும், அளவு என்னவென்றே தெரியாமல் போகும். கூடவே ஸ்லோ ஜெட்டையும் கவனிக்க வேண்டும், இல்லாவிட்டால் சிக்னலில் வண்டி அணையும். இதையெல்லாம் செய்ய நாங்கள் தயார், பலர் செய்தும் விட்டார்கள். ஆனால் எந்தக் கலவைக்கு ஜெட் போடுவது? எத்தனை சதவீதம் என்று பங்கின் குழாயில் தெளிவாக எழுதி வைத்திருப்பது அரிது. ஊழியரைக் கேட்டால் தெரியாது என்கிறார், அவர்மேல் குற்றமில்லை. அதிக விலைக்கு விற்கும் 95, 100 ஆக்டேன் வகைகளில் எத்தனால் எவ்வளவு என்பதற்கும் அந்தந்த இடத்தில் எழுத்தில் விடை கிடைப்பதில்லை. சாதாரண பெட்ரோலைவிட ஒன்றரை மடங்கு விலை கொடுத்து 100 ஆக்டேன் ஊற்றிக்கொள்பவர்கள் நம்பிக்கையின் பேரில்தான் ஊற்றுகிறார்கள். 7-க்கும் 8-க்கும் நடுவே கம்ப்ரஷன் (அழுத்த விகிதம்) உள்ள பழைய என்ஜினுக்கு அந்த ஆக்டேனால் ஒரு பயனும் இல்லை.

வேறு வழியில்லாமல் எங்களில் பலர் தாங்களே சோதித்துக்கொள்கிறார்கள். திறந்த வெளியில், நெருப்பு இல்லாத இடத்தில், 100 மில்லி கண்ணாடி அளவுக் குழாயில் 20 மில்லி தண்ணீரும் 80 மில்லி பெட்ரோலும் ஊற்றி, மூடி, ஒரு நிமிடம் குலுக்கி, பத்து நிமிடம் வைக்க வேண்டும். எத்தனால் இல்லாவிட்டால் தண்ணீர்க் கோடு 20-லேயே நிற்கும். 10 சதவீதம் என்றால் 28-ஐ ஒட்டி ஏறும், 20 சதவீதம் என்றால் 35-ஐ ஒட்டி. பணம் கொடுத்து வாங்கும் பொருளில் என்ன இருக்கிறது என்பதைக் குடிமகன் இப்படிக் கண்டுபிடிக்க வேண்டிய நிலை சரியா என்று நீங்களே சொல்லுங்கள்.

வெயில் இன்னொரு தொல்லை. பெட்ரோலில் எத்தனால் சேரும்போது அது சீக்கிரம் ஆவியாகும் தன்மை கூடுகிறது. சித்திரை வெயிலில் அண்ணா சாலை நெரிசலில் ஊர்ந்துவிட்டு வண்டியை அணைத்தால், பானெட்டுக்குள் சூடு மேலேறி கிண்ணத்துப் பெட்ரோல் கொதித்துவிடும். பிறகு ஸ்டார்ட் ஆகாது. பம்பில் ஆவி அடைத்தால் நடுச்சாலையில் நின்றுவிடும், பின்னால் வரும் பஸ்ஸுக்கும் ஆபத்து. கார்புரேட்டருக்கு அடியில் பேக்கலைட் தட்டு, மேனிஃபோல்டுக்கும் கிண்ணத்துக்கும் நடுவே அலுமினியத் தகடு, குழாயைச் சூட்டிலிருந்து விலக்கிக் கொண்டுபோவது, டேங்குக்குப் பக்கத்தில் சிறிய எலக்ட்ரிக் பம்ப் என்று மருந்துகள் இருக்கின்றன. இதில் எது அனுமதிக்கப்பட்ட மாற்றம், எது வின்டேஜ் தகுதியைப் பறிக்கும் மாற்றம் என்று விதியில் தெளிவில்லை.

இங்கேதான் சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தை நோக்கி எங்கள் குறையைச் சொல்கிறோம். வின்டேஜ் பதிவுக்கு வண்டி மூல வடிவத்தில் இருக்க வேண்டும். சேசிஸ், பாடி, என்ஜினில் பெரிய மாற்றம் கூடாது. நோக்கம் நல்லது, வரவேற்கிறோம். ஆனால் இ20 தாங்குவதற்காக மாற்றும் பாகங்களை என்ன செய்வது? அதைவிட முக்கியம் பிரேக். பழைய கார்களில் மாஸ்டர் சிலிண்டர் ஒற்றைச் சுற்று. ஒரு வீல் சிலிண்டரில் கசிந்தால் நான்கு சக்கரத்துக்கும் பிரேக் கிடையாது. இரட்டைச் சுற்று மாஸ்டர் சிலிண்டர் போடுவது இன்றைய சாலையில் உயிர் காக்கும் வேலை. சீட் பெல்ட், கை காட்டும் காலத்து வண்டிக்கு இண்டிகேட்டர், பின்னால் வருபவருக்குப் பளிச்சென்று தெரியும் பிரேக் விளக்கு, 6 வோல்ட்டை 12 வோல்ட் ஆக்குவது இவையெல்லாம் அப்படித்தான். ஒரு ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் சரி என்பார்கள், இன்னொன்றில் பழையபடி மாற்றிக்கொண்டு வா என்பார்கள். பாதுகாப்புக்காகச் செய்த வேலையைக் கழற்றச் சொல்வது எங்களுக்கு ஏற்புடையதல்ல.

ஓட்டம் பற்றிய விதி: கண்காட்சி, ராலி, தொழில்நுட்ப ஆய்வு, பெட்ரோல் போடுவது, பராமரிப்பு ஆகியவற்றுக்கு ஓட்டலாம். பராமரிப்பு என்பதற்குள் சாதாரண ஓட்டம் அடங்குமா? எங்கள் அனுபவத்தில் அடங்கியே ஆக வேண்டும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறையாவது 20, 30 கிலோமீட்டர் ஓடாத கார் தானாகக் கெடும். கிளட்ச் தட்டு ஃப்ளைவீலில் ஒட்டிக்கொள்ளும். வீல் சிலிண்டர் இறுகும். டயர் ஒரே பக்கம் தட்டையாகும். தண்ணீர் பம்ப் சீல் காயும். ஷெட்டுக்குள் ஐந்து நிமிடம் ஸ்டார்ட் செய்து அணைப்பது இன்னும் கெடுதல். என்ஜின் முழுச் சூட்டுக்கு வராததால் எரிப்பில் உண்டான நீராவி சம்பிலும் சைலன்சரிலும் தண்ணீராகத் தங்கிவிடும். என்ஜின் சூட்டைக் காட்டும் முள் நடுவுக்கு வந்து, அதன் பிறகும் கால் மணி நேரம் சாலையில் ஓடினால்தான் அந்த ஈரம் போகும். அதே ஓட்டம்தான் டேங்கில் இருக்கும் பழைய பெட்ரோலைத் தீர்த்துப் புதிது நிரப்பவும் வழி. ஞாயிறு காலை கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஒரு ஹெரால்டு போனால், அது ராலிக்குப் போகிறதா, பராமரிப்புக்கா, உலாவவா என்று தீர்மானிப்பவர் இன்று அங்கே நிற்கும் போக்குவரத்துக் காவலர். அவரையும் இந்தச் சங்கடத்தில் விடக்கூடாது.

50 வயதைத் தொடாத வண்டிகளின் நிலை இன்னும் கஷ்டம். உலகப் பழைய வாகனச் சங்கங்களின் கூட்டமைப்பான ஃபிவா 30 ஆண்டைக் கணக்காக வைத்திருக்கிறது. ஜெர்மனியில் 30 ஆண்டுகளில் பழம்பெரும் வாகன எண் கிடைக்கிறது. பிரிட்டனில் 40 ஆண்டுகள். 1985-ல் வந்த பத்மினியோ காண்டெஸாவோ இங்கே பாரம்பரியமும் அல்ல, புதிதும் அல்ல. ஐந்தாண்டுக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்க வேண்டும், 20 வயது தாண்டிய கார்களுக்கு அந்தக் கட்டணத்தை 2025-ல் 10,000 ரூபாயாக உயர்த்தினீர்கள். அடுத்த பத்தாண்டில் வின்டேஜ் ஆக வேண்டிய வண்டிகள் அதற்குள் பழைய இரும்புக்குப் போய்விடும்.

ஈயம் இல்லாத பெட்ரோல் 2000-ல் நாடு முழுவதும் வந்தபோதும் பழைய என்ஜின்கள் அடிபட்டன. எக்ஸாஸ்ட் வால்வு உட்காரும் இடம் தேய்ந்து இறங்கியது. ஹெட்டைக் கழற்றி, கடினப்படுத்திய வால்வு சீட் அழுத்தி, ஒரே முறை செலவில் சரிசெய்துகொண்டோம், யாரிடமும் வந்து நிற்கவில்லை. அது ஒரு பாகத்தின் பிரச்சினை. இது டேங்கிலிருந்து சிலிண்டர் வரை ஒவ்வொரு அங்குலத்தின் பிரச்சினை, ஒவ்வொரு மழைக்காலத்திலும் திரும்பி வரும் பிரச்சினை. ஹோஸில் எஸ்.ஏ.இ. ஜே30 ஆர்9 என்ற தரக் குறியீடு அச்சிட்டிருந்தால் நம்பி வாங்கலாம், உள்சுவர் எத்தனாலைத் தாங்கும் ஃப்ளூரோ ரப்பர். டயாஃப்ரம், நீடில் வால்வு கிட்டுகளின் பாக்கெட்டில் எந்த ரப்பர் என்ற ஒரு வரி கூட இருப்பதில்லை.

நாங்கள் கேட்பது புதிய யோசனை அல்ல. நிதி ஆயோக் 2021-ல் வெளியிட்ட எத்தனால் திட்ட அறிக்கையே, பழைய வண்டிகளுக்காக 10 சதவீதக் கலவையைப் பாதுகாப்பு எரிபொருளாகத் தொடர்ந்து கிடைக்கச் செய்ய வேண்டும் என்று சொன்னது. எத்தனால் இல்லாத பெட்ரோலுக்காக வடிவமைத்து 10 சதவீதத்துக்கேற்பச் சரிசெய்த கார்களில் இ20 ஊற்றினால் எரிபொருள் சிக்கனம் 6 முதல் 7 சதவீதம் குறையலாம் என்றும் அதே அறிக்கை ஒப்புக்கொண்டது. பிரிட்டனில் 2021 செப்டம்பரில் இ10 வந்தபோது, 5 சதவீதத்துக்கு மேல் போகாத சூப்பர் வகையைப் பெரிய பங்குகள் தொடர்ந்து விற்க வேண்டும் என்று அரசே விதித்தது. விநியோகத்திலும் பெரிய தடை இல்லை. எத்தனால் கலப்பது சுத்திகரிப்பு ஆலையில் அல்ல, எண்ணெய் நிறுவனங்களின் சேமிப்புக் கிடங்கான டெப்போவில். அதுவரை வருவது கலக்காத பெட்ரோல்தான். டேங்கர் லாரியில் தனித்தனி அறைகள் உண்டு. ஓர் அறையில் கலக்காமல் ஏற்றி, ஒரு பங்கில் ஒரு தரையடி டேங்கில் இறக்கினால் போதும். எங்கள் வண்டிகள் குடிக்கும் அளவு உங்கள் 20 சதவீதக் கணக்கை அசைக்காது. மானியம் கேட்கவில்லை. கூடுதல் விலை கொடுக்கத் தயார்.

2025 செப்டம்பரில் எத்தனால் இல்லாத பெட்ரோல் கேட்ட பொதுநல மனுவை உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. ஆகவே முடிவு உங்கள் கையில்தான் இருக்கிறது. இனி எங்கள் கோரிக்கைகள்.

பெட்ரோலிய அமைச்சகத்திடம்: சென்னை, கோவை, மதுரை, திருச்சி தொடங்கி ஒவ்வொரு பெரிய நகரத்திலும் எண்ணெய் நிறுவனங்கள் நேரடியாக நடத்தும் ஒரு பங்கிலாவது எத்தனால் கலக்காத, முடியாவிட்டால் 5 சதவீதத்துக்கு மேற்படாத பெட்ரோலை விற்கச் சொல்லுங்கள். நாட்டின் எல்லாப் பங்குகளிலும், 95, 100 ஆக்டேன் உட்பட ஒவ்வொரு குழாயிலும் எத்தனால் சதவீதத்தை அந்தந்த மாநில மொழியில் பெரிய எழுத்தில் ஒட்ட உத்தரவிடுங்கள். 27, 30 சதவீதம் என்று மேலே போவதற்கு முன், கார்புரேட்டர் வண்டிகளின் டேங்க், பம்ப், கார்புரேட்டர் ஆகியவற்றில் இ20-ஐ ஆறு மாதம் தேக்கி வைத்துச் சோதிக்கும்படி வாகனங்களைச் சோதிக்கும் ஆராய்ச்சி நிறுவனமான புனே ஏ.ஆர்.ஏ.ஐ.-யைக் கேட்டு, முடிவை அப்படியே வெளியிடுங்கள். எரிபொருள் ஹோஸ், டயாஃப்ரம், நீடில் வால்வு கிட்டுகளில் ரப்பர் வகையையும் எத்தனால் தாங்கும் அளவையும் அச்சிடுவதைக் கட்டாயமாக்க இந்தியத் தர நிர்ணய அமைவனத்தோடு பேசுங்கள்.

சாலைப் போக்குவரத்து அமைச்சகத்திடம்: வின்டேஜ் வண்டியைப் பராமரிப்புக்காகச் சாலையில் ஓட்டுவதும் அந்த விதிக்குள் அடங்கும் என்று எல்லா மாநிலப் போக்குவரத்து ஆணையர்களுக்கும் காவல் துறைக்கும் சுற்றறிக்கை அனுப்புங்கள். மாதத்துக்கு இத்தனை நாள், இத்தனை கிலோமீட்டர் என்று வரம்பு வைத்தாலும் ஏற்கிறோம், பதிவேடு வைத்துக் காட்டுகிறோம். இரட்டைச் சுற்று பிரேக், சீட் பெல்ட், இண்டிகேட்டர், 12 வோல்ட் மின்னமைப்பு, எத்தனால் தாங்கும் எரிபொருள் பாகங்கள், வெப்பத் தடுப்புத் தகடு, எலக்ட்ரிக் பம்ப், கடினப்படுத்திய வால்வு சீட் ஆகியவை வின்டேஜ் தகுதியைப் பாதிக்காது என்று எழுத்தில் பட்டியல் கொடுங்கள். 30 வயது முதல் 50 வயது வரை உள்ள, மூல வடிவத்தில் காப்பாற்றப்பட்ட கார்களுக்குத் தனி வகை உருவாக்கி, அவற்றுக்குப் புதுப்பிப்புக் கட்டணத்தைக் குறையுங்கள். கையால் எழுதிய பழைய ஆர்.சி. புத்தகங்களை வாகனப் பதிவுக்கான வாகன் இணையதளத்தில் ஏற்ற ஒவ்வோர் ஆர்.டி.ஓ. அலுவலகத்திலும் மாதம் ஒரு நாளை ஒதுக்குங்கள்; அந்தப் பதிவு ஏறாமல் ஃபாஸ்டேக் வாங்குவதே பாடாக இருக்கிறது.

இரு அமைச்சகங்களும் இந்த மடலைத் தனித்தனியாகக் கோப்பில் வைக்காமல், ஒரே மேசையில் கூடி முடிவெடுக்க வேண்டும். அந்தக் கூட்டத்துக்குப் பட்டறைக்காரர்களையும் அழையுங்கள். அரித்த கார்புரேட்டர்கள், வெட்டிய ஹோஸ்கள், கிழிந்த டயாஃப்ரம்களை நாங்கள் கொண்டுவருகிறோம். எடுக்கும் முடிவை, அது மறுப்பாக இருந்தாலும், காரணத்தோடு எழுத்தில் தெரிவியுங்கள்.

இப்படிக்கு,
பழைய கார்களை ஓட்டுபவர்களும் அவற்றைப் பழுதுபார்ப்பவர்களும்,
தமிழ்நாடு